கீழத்தெரு வெந்நீர்

எங்கே போனாலும் நான் வெந்நீர்தான் குடிப்பேன். என் அம்மா பழக்கிவிட்ட பழக்கம். அதனால்தான் நீங்கள் வரவழைத்த சர்பத்தைத் தொடவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். ஒளிக்க என்னிடம் எதுவும் இல்லை.

என் பெயர் ஆதித்தன். மதுரையில் ஒரு கல்லூரியில் சமூக ஆய்வுத் துறை விரிவுரையாளர். படிப்பு ஊருக்குப் பயன்பட வேண்டும் என்று எங்கள் கல்லூரி போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரிகளோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. தொழிலாளர் தெருக்களைச் சீர்செய்வது, அதில் எது உண்மையாகவே பலன் தருகிறது என்று ஆராய்வது, அதன்படி மற்றத் தெருக்களுக்கும் செய்வது. செலவு வியாபாரிகளுடையது, உடலுழைப்பு மாணவர்களுடையது, மூளை என்னுடையது. கொஞ்சம் தற்பெருமைதான். ஆனாலும் உண்மை.

ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கிகளுக்குப் பின்னால் ஓடையை ஒட்டி இரண்டு தெருக்கள் இருக்கின்றன. ஆண்கள் மலையேறி எஸ்டேட்டில் கிடந்துவிட்டுச் சனிக்கிழமை இறங்குவார்கள். பெண்கள் கிட்டங்கியில் உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்குவார்கள். நாங்கள் மேலத்தெருவை எடுத்துக்கொண்டோம். சாக்கடை வெட்டினோம், கிணற்றை மூடி அடிபம்பு மாட்டினோம், சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். கீழத்தெருவில் ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை. மறதியல்ல. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தெரு இருந்தபடியே இருந்தாக வேண்டும்.

கீழத்தெருக் கிணற்றில் ஓடைச் சாக்கடை கசிகிறது என்பது எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். அந்தத் தண்ணீரை மதுரைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தவனே நான்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குடத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மேலத்தெருவுக்கு வந்துவிடுவார்கள். சொல்லாமலே சிலர் வந்தார்கள். ஆள் கூடினால் பம்பு சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று மேலத்தெருக்காரர்களிடம் ஒரு வார்த்தை போட்டுவைத்தேன். பிறகு அவர்களே காவல் இருந்துகொண்டார்கள். அதில் எனக்குச் சிரமமே இல்லை.

முதல் மழைக்காலம் முடிந்து வீடு வீடாக விசாரித்தோம். இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒன்றுபோலச் சௌக்கியமாக இருந்தார்கள். வயிற்றுப்போக்கு இல்லை, காய்ச்சல் இல்லை. நான் இடிந்துபோனேன். பெரும்பகுதிச் செலவை ஏற்றிருந்தவர் ஐசக் முதலாளி. கீழத்தெருப் பெண்கள் பொறுக்கியதும் அவர் கிட்டங்கியில்தான். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இதுக்கு ஆளுக்கொரு சேலை எடுத்துக் குடுத்திருக்கலாம் போலருக்கே சார்? அடுத்த தெருவுக்கெல்லாம் இனிமே யோசிச்சுத்தான் செய்யணும்."

அவர் யோசிக்க ஆரம்பித்தால் திட்டம் அதோடு படுத்துவிடும். இந்த ஊரில் ஓடைத் தண்ணீர் குடிக்கிற தெருக்கள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அவர்களுக்காகத்தான் நான் கவலைப்பட்டேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

காரணம் கீழத்தெருவில் சுப்புத்தாய் வீட்டில் அகப்பட்டது. அவள் புருஷன் மலையில் ஏலத்தோட்டத்தில் இருந்தான். மூத்தது வீரலட்சுமி என்று ஒரு பெண், அடுத்தது நடக்கப் பழகும் மகன். அந்தப் பெண் எனக்குப் 'பம்பு சார்' என்று பெயர் வைத்திருந்தாள். "பம்பு சார், எங்க தெருவுக்கு எப்ப வருவீக?" என்று தெருமுனையிலிருந்தே கேட்டுக்கொண்டு வருவாள். கெட்டிக்காரக் குழந்தை. எனக்கு அவளைப் பிடிக்கும்.

அன்று அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. வீடெல்லாம் ஏலக்காய் மணம். என்ன சமையல் என்று கேட்டேன்.

"சமையலா? தண்ணி சார். சும்மா குடிச்சா சேத்து வாடை அடிக்குது. கிட்டங்கில கழிச்சுப் போடுற ஏலக்காத் தொலியக் கொண்டாந்து போட்டுக் காச்சுனா மணந்துக்கிட்டுக் கெடக்கும். புள்ளைகளும் வெரசாக் குடிச்சிரும்."

"தெருவில் எல்லோருமா?"

"பின்னே? தொலி சும்மாதானே குடுக்காக."

நோய்க்குப் பயந்து அவர்கள் காய்ச்சவில்லை. மணத்துக்காகத்தான் காய்ச்சினார்கள். என் ஆய்வைக் கெடுத்தது அந்த வெறும் தொலி. தொலி இல்லையென்றால் விறகைச் செலவழித்து வெறும் தண்ணீரை யார் காய்ச்சுவார்கள்?

மறுநாள் ஐசக் முதலாளியைப் பார்த்தேன். தொலிக்குள் நல்ல காயும் வெளியே போகிறது போலிருக்கிறதே என்றேன். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். எந்தக் கிட்டங்கியிலும் நாலு காய் போகத்தான் செய்யும். அன்று சாயங்காலமே வாசலில் பெண்களின் மடியைச் சோதித்தார்கள். தொலியைக் கொல்லையில் கொட்டித் தீ வைக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. பெண்கள் அவமானத்தில் அழுதார்கள் என்று கேள்விப்பட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்த மழைக்காலம், ஐப்பசியில் ஓடை கரை தொட்டு ஓடியது. கீழத்தெரு அடுப்புகளில் சோறு மட்டும்தான் வெந்தது. முதலில் படுத்தவள் வீரலட்சுமி. நான் போனபோது கண் உள்ளே போய், உதடு வெடித்துக் கிடந்தாள். பக்கத்தில் செம்பு நிறையக் கிணற்றுத் தண்ணீர். தாகம் தாகம் என்றாள். சுப்புத்தாய் அதையே ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கல்லூரி ஜீப்பு வாசலில்தான் நின்றது. கீழத்தெருவில் நாங்கள் எதிலும் தலையிடுவதில்லை என்பது முதலிலேயே முடிவான விஷயம். ஒரு வீட்டுக்கு வளைந்துகொடுத்தால் அப்புறம் முறை என்று எதைச் சொல்வது?

அவளோடு நிற்கவில்லை. தெருவில் ஐந்தாறு குழந்தைகள் போய்விட்டன. மேலத்தெருவில் ஒரு குழந்தைகூடச் சாகவில்லை. இடைக்கால அறிக்கையைப் படித்த எங்கள் துறைத் தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வியாபாரிகள் இன்னும் நான்கு தெருக்களுக்குப் பம்பு மாட்ட ஒப்புக்கொண்டார்கள். பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஐசக் முதலாளிதான் மனம் கேட்காமல் ஆஸ்பத்திரி டாக்டரிடம் தொலி விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்ததுதான் காரணம் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு அங்கிருந்து நேரே உங்களிடம் வந்திருக்கிறார். நல்ல மனிதர். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. குழந்தைகளை நான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ள வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். வார்த்தைக்காக நான் சண்டை போடப் போவதில்லை. ஆனால் ஈரமில்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதற்காகவே இதையும் சொல்கிறேன்.

போன வாரம் சுப்புத்தாய் என்னைத் தேடி வந்தாள். இடுப்பில் அந்தச் சின்ன மகன். அழுது அழுது குரலே இல்லை.

"நான் தண்ணி காச்சாம விட்டதுனாலயா சார் எம்புள்ள போயிருச்சு? நீங்க படிச்சவுக. சொல்லுங்க."

"அதெல்லாம் ஒன்றும் இல்லையம்மா. உன்மேல் எந்தத் தப்பும் இல்லை" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகம் தெளிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"அப்ப இவனுக்கு இனிமே காச்சிக் குடுக்கவா, வேண்டாமா சார்?"

ஆய்வு முடியப் பங்குனி ஆகும். ஆனால் நான் அதை நினைத்துச் சொல்லவில்லை. வேண்டாம் என்றேன். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவளை விறகு தேடி அலைய வைக்க எனக்கு மனம் வரவில்லை.