முதல் பந்தி உண்ட இளவட்டங்கள்

மன்றத்தின் மகுடமாய் வீற்றிருக்கும் தலைவர் திரவியம் பிள்ளை மாமா அவர்களே, கரமனையின் கண்ணியம் காக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவைக்கு வந்திருக்கும் அருமைத் தாய்மார்களே, சுவரோரம் நிற்கும் தோழர்களே, உங்கள் அனைவரையும் மங்கலம் ஆகிய நான் வணங்குகிறேன்.

இளவட்டம்! ஏச வேண்டுமா, இளவட்டம். ஏவ வேண்டுமா, இளவட்டம். பந்தல் சரிந்தால் "அந்த இளவட்டங்களைக் கூப்பிடு" என்கிறோம். பால்சொம்பு காணாமற்போனாலும் அவர்களைத்தான் கூப்பிடுகிறோம். அந்தச் சொல்லுக்கு வயது என்ன? வரம்பு என்ன? சென்ற மாதம்வரை எவரும் கேட்டதில்லை.

சென்ற மாதம் இந்தச் சபையின் வாசகசாலையை மூடி, மிளகு மூட்டை அடுக்க வாடகைக்கு விடலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. பள்ளிக்கூடத்தோடு படிப்பு நிறுத்தப்பட்ட எனக்கு, மத்தியானத்தில் வந்து நாலு எழுத்து படிக்க வேறு இடம் ஏது? தீர்மானத்துக்கு ஆதரவாகப் பெரியவர்கள் கை தூக்கினார்கள்; அதைத் தோற்கடிக்க இந்த இளவட்டத் தோழர்களும் கை தூக்கினார்கள். தலைவர் விட்டாரா?

"இளவட்டங்களுக்கு இங்கே வோட்டு கிடையாது, கேட்டியளா. சபை விதியாக்கும்."

பெண்கள் பக்கத்திலிருந்து நான் எழுந்தேன். "மாமா, இளவட்டம்னா யாரு?"

"சாமி சப்பரம் தூக்குறவன் இளவட்டம். அதுக்குத்தானே திருவிழாவுல அவனுக்கு முதல் பந்தி. இது தெரியாதா பிள்ளே?"

"தெரியும் மாமா. இந்த வருசம் அந்தப் பந்திக்குப் பாயசம் விளம்பினது நானாக்கும். அதுல இருந்து சாப்பிட்டவங்க எல்லாரும் கையைக் கீழே போடுங்க."

அடடா, உயர்ந்திருந்த பெரியவர்களின் கைகள் ஒவ்வொன்றாய் இறங்கின! மூன்று மருமகன்களைக் கண்ட அழகியநம்பிப் பிள்ளை கூரையைப் பார்த்தார். சப்பரத் தண்டை ஒற்றை விரலால் தொட்டுவிட்டு இரண்டாம் முறை பாயசம் கேட்டவர், நம் தலைவர். சிரிக்காதீர்கள், ஆகா, அவரே சிரிக்கிறார், சிரியுங்கள். அந்தப் பந்தியில் உட்காராதவர் சர்க்கரை வியாதிக்காரரான கணக்கப்பிள்ளை ஒருவர்தாம். ஒருவர் வோட்டில் சபை நடக்குமா?

"சரி, மதி, போதும் பிள்ளே. எல்லாவனும் தூக்குங்கடே," என்றார் தலைவர். தோழர்கள் எதிர்த்துத் தூக்கினார்கள், அவர்களே அதிகம்! தீர்மானம் தோற்றது, வாசகசாலை பிழைத்தது.

ஆனால் தாய்மார்களே, அன்று என் கை மடியிலேயே கிடந்தது. பெண்ணுக்கு வோட்டு இல்லை. எங்களை இளவட்டம் என்று எவரும் அழைத்ததுமில்லை. இளமை ஆண்பிள்ளைகளின் குத்தகையா? ஆசை எங்களுக்கு இல்லையா? அறிவு எங்களுக்கு இல்லையா? வெற்றி பெற்ற அன்றே வீட்டுக்குப் போய் அழுதேன்.

என் தோழர்கள் என்ன செய்தார்கள், தெரியுமா? புதிதாய்க் கிடைத்த வோட்டை இன்று காலை எங்களுக்காகப் போட்டார்கள். பெண்களும் இனிச் சபையின் உறுப்பினர்கள்! இளவட்டம் என்ற சொல்லுக்கு இன்றுதான் முழு அர்த்தம் கிடைத்தது. தலைவர் அவர்களே, அடுத்த கூட்டத்தில் சம்மதமா என்று கேளுங்கள். உயரும் கைகளில் வளையல் சத்தமும் கேட்கும்.

வந்தவர்க்கு வந்தனம், வாழ்த்தியவர்க்கு நன்றி, வோட்டுப் போட்டவர்க்கு என் இரு கை வணக்கம்.