கண்ணுக்குக் காத்து

“கண்ணுக்குக் காத்து அடிச்சாங்க மாமு!” செவ்வாய்க்கிழமை பேருந்தில் என் பயணச்சீட்டின் பின்புறம் நான் குறித்த வரி. ராயபுரத்தில் ஏறிய டிரெய்லர் ஓட்டுநர், கறுப்புக் கண்ணாடியோடு நண்பரிடம் சொன்னது. கண் பரிசோதனையில் தேறினால் அவருக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை.

“டயருக்கு அடிக்கிற மாரியா? எவ்ளோ ஏத்தினாங்க?”

“ஏத்தலடா, உள்ள பிரஷர் அளந்தாங்க! கலர் புள்ளிக்குள்ள நம்பர் கேட்டாங்க, கரீட்டா சொன்னேன். அப்பால சொட்டு மருந்து வுட்டு, கண்ணுக்குள்ளாற லைட் அடிச்சுப் பாத்தாங்க. இப்ப கிட்டக்க உன் மூஞ்சி மங்கலா கீது.”

“அப்ப கிரேனு?”

“ரிசல்ட் நாளைக்கு. தூரம் சூப்பரா தெர்து. அதோ, அந்தக் கிரேன்ல ஏழுன்னு போட்டுக்கீது பாரு!”

“எனக்குக் கிரேனே தெர்ல நைனா. நாளைக்கு எனக்கும் காத்து அடிக்கச் சொல்லு!”

அந்த எண் ஏழுதானா என்பதை நான் சரிபார்க்கவில்லை. என் கண்ணுக்கும் அது தெரியவில்லை.