கறைபடாத களிம்பு

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி ஆடுகிறது. காலுக்கு அடியில் ஒரு அட்டையை மடித்து வையுங்கள், சரியாகிவிடும். அவசரமில்லை, நான் எங்கும் ஓடிப்போகிற ஆள் இல்லை.

சீமை அகத்தி இலையில் படர்தாமரைக்கு மருந்து இருக்கிறது என்பது என் கற்பனை அல்ல. கண்ணாடித் தட்டில் பூஞ்சையை வளர்த்து, நடுவில் இலைச்சாறு ஒரு சொட்டு விட்டால், சுற்றிலும் வட்டமாக ஒன்றும் முளைக்காது. வருஷக்கணக்கில் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தவள் நான். எங்கள் ஆய்வுக்கூடத் தலைவரைப் பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார்: "தழையை அரைச்சுக் கொண்டாந்திருக்கீங்களே, ஆடு மேய்க்கிற உத்தேசமா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

தட்டில் செத்த பூஞ்சை தோலில் அவ்வளவு சுலபமாகச் சாகவில்லை. களிம்பைப் பூசிப் பார்க்கச் சலவைக்கூடத்துப் பெண்களைச் சேர்த்திருந்தோம். நாள் முழுக்க ஈரத்தில் நிற்பவர்கள், இடுப்பெல்லாம் அரிப்பு. "அரிப்பு நிக்கல டாக்டரம்மா. வெள்ளைத் துணியில பச்சைக் கறைதான் ஒட்டுது. மேஸ்திரிகிட்ட யாரு திட்டு வாங்கறது?" என்று ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொண்டார்கள். இன்னும் யாராவது போனால் ஆராய்ச்சியை இழுத்து மூடிவிடுவதாகப் பெரியவர் சொன்னார்.

அதனால் சாற்றைக் குறைத்தேன். பதிலுக்கு வீரியமான ஸ்டீராய்டைக் கலந்தேன். அது அரிப்பையும் சிவப்பையும் உடனே அடக்கிவிடும். உள்ளே பூஞ்சை சௌகரியமாகப் பரவும். எனக்குத் தெரியாது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். மாணவர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன்.

பெண்கள் திரும்பி வந்தார்கள். பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டேன்.

அவர்களில் இஸ்திரி போடுகிற ஒருத்தி, யாரையும் கேட்காமல் தன் கைக்குழந்தைக்கும் பூசியிருக்கிறாள். அவனுக்குத் தொடையிடுக்கில் தடிப்பு. இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். "எலிக்குஞ்சு மாதிரி இருந்தவன், மூஞ்சி எப்படிக் கொழுகொழுன்னு ஆயிடுச்சு பாருங்க. உங்க இலை நல்லா ஒத்துக்கிச்சு."

அது சதை இல்லை. ஸ்டீராய்டு தோல் வழியாக உடம்புக்குள் இறங்கினால் பிஞ்சுக் குழந்தைக்கு முகம் அப்படித்தான் உப்பும்; நோயைத் தாங்கும் சக்தியும் போய்விடும். பார்த்ததுமே புரிந்தது. உண்மையைச் சொன்னால் ஆஸ்பத்திரியில் காப்பாற்றியிருப்பார்கள். டப்பாவில் என்ன இருக்கிறது என்றும் கேட்டிருப்பார்கள். பெரியவர் மறுபடியும் சிரித்திருப்பார். பையனின் கன்னத்தைக் கிள்ளி, "விடாமப் பூசும்மா" என்று இன்னொரு டப்பா கொடுத்தேன்.

போன வாரம் சாதாரணச் சளிக்காய்ச்சலைத் தாங்க முடியாமல் அவன் செத்துப்போனான். கொன்றது நான்தான். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இலைமருந்தால் செத்தான் என்று ஊரெல்லாம் பேசுகிறார்களாம். பெரியவரும் வாய் கூசாமல் அதையே சொல்கிறாராம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவனுக்குக் கொடுத்த டப்பாவில் இலைச்சாறு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. கறை படக் கூடாதென்று முதலில் குறைத்ததை, பிறகு எப்போதோ மொத்தமாகவே எடுத்துவிட்டேன். என் இலை யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை.