எருமைக்கன்றுக்கு வேற குரல்

மேனேஜர்: ...இப்படி கோவிச்சுக்கிட்டா எப்படிக்கா? உங்களைத் தூக்கிட்டோம்னு யாரு சொன்னா?

அக்கா: நீங்கதான். இப்பத்தான். செருப்பைக்கூட நான் இன்னும் கழட்டல.

மேனேஜர்: தூக்கல. டிவி கார்ட்டூன்ல பூசணின்னா நீங்கதான். பதினோரு வருஷமா அந்த எருமைக்கன்னு உங்க குரல்லதான் பேசுது. இனியும் பேசும். சினிமாவுக்கு மட்டும்...

அக்கா: சினிமாவுக்கு மட்டும் வேற எருமை.

மேனேஜர்: எருமை அதேதான். குரல்தான் வேற. பெரிய திரைக்கா... போஸ்டர்ல ஒரு முகம் வேணாமா?

அக்கா: எருமை முகம் இருக்கே.

மேனேஜர்: அதைப் பாக்க யாரு வருவா?

அக்கா: பதினோரு வருஷமா வேற எதைப் பாத்தாங்களாம்? ஊசின்னு அலறுற பிள்ளைங்களுக்கு ஆஸ்பத்திரி நர்ஸம்மா எனக்குல்ல போன் போட்டுக் குடுக்குது. பூசணி விக்கினா பிள்ளை சிரிக்கும். சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள ஊசி இறங்கிடும்.

மேனேஜர்: அந்த விக்கலுக்குத்தான்கா உங்களை வரச் சொன்னது.

அக்கா: என்னது?

மேனேஜர்: பொய் சொன்னா பூசணிக்கு விக்கல் வரும்ல... அதைப் புது மேடத்துக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுத்துட்டு...

அக்கா: அடேயப்பா. வீட்டை விட்டுத் துரத்துறதும் துரத்திட்டு, கொல்லைக் கதவு எப்படித் திறக்கும்னு காட்டிட்டுப் போன்னு வேற சொல்றீங்களா தம்பி?

மேனேஜர்: இன்னொண்ணும் இருக்கு. போன வருஷம் முழுப் படத்துக்கும் பேசிக் குடுத்தீங்கல்ல? அதைக் கேட்டுக் கேட்டுத்தான் வாயசைவு வரைஞ்சிருக்காங்க. நீங்க எங்க மூச்சு வாங்கினீங்களோ அங்க எருமையும் மூச்சு வாங்கும். மேடம் இப்ப அதுக்கு மேல பேசணும்.

அக்கா: நான் பேசினது?

மேனேஜர்: அது... அழிச்சிருவோம்.

அக்கா: ம். அஸ்திவாரம் தோண்டினது நான், செங்கல் சுமந்தது நான். வெள்ளையடிக்க மட்டும் மகாராணி வர்றாங்க. யாரு அந்த மகாராணி?

மேனேஜர்: சொன்னா நீங்களே ஒத்துக்குவீங்க. அந்த ரயில்வே படத்துல, கதவைப் பிடிச்சுக்கிட்டு, "நான் போறேன்... போறேன்"னு ஒரு இடம் வருமே... தியேட்டரே அழுதுச்சே...

அக்கா: அந்தப் பொண்ணா?

மேனேஜர்: அதே பொண்ணு!

அக்கா: அந்தப் பொண்ணோட... குரலா கேட்டீங்க?

மேனேஜர்: குரலேதான். முதலாளி சொல்லிட்டாரு. "அந்தக் குரல் இல்லன்னா படமே வேணாம்"னு. ஏன்கா, எதுக்குச் சிரிக்கிறீங்க?

அக்கா: சிரிக்கல. பொரை ஏறிடுச்சு. நீங்க சொல்லுங்க.

மேனேஜர்: தப்பா எடுத்துக்காதீங்க, உங்களோடது டிவிக் குரல். அடிபிடிச்ச பாத்திரத்தைத் தேய்க்கிற மாதிரி. எருமைக்குப் போதும். மேடம் குரல் இருக்கே... அது பஞ்சு. அந்த ரெண்டாவது "போறேன்" ஞாபகம் இருக்கா? லேசா உடைஞ்சு வருமே...

அக்கா: அன்னிக்குச் சளி பிடிச்சிருந்திருக்கும்.

மேனேஜர்: ரசிக்கத் தெரியாதுன்னா விட்டுருங்க. அது கலை.

அக்கா: கலைதான், கலைதான். ஆனா மூக்கை உறிஞ்சாம அந்த "போறேன்" வராது தம்பி.

மேனேஜர்: பொறாமை... சரி, கார் வந்துருச்சு. மரியாதையாப் பேசுங்க. அவங்க பேட்டி குடுக்க மாட்டாங்க, மேடையில வெறும் கும்பிடுதான். குரலை அப்படிப் பொத்திப் பொத்தி வச்சிருக்காங்க... வாங்க மேடம், வாங்க! பாத்து, வயர் கிடக்கு. இவங்கதான் டிவியில பூசணி.

நடிகை: ம்...

மேனேஜர்: முன்னப்பின்ன பாத்திருக்கீங்களா?

நடிகை: ம்ஹூம்.

அக்கா: நமக்கெங்க அந்தக் குடுப்பினை.

மேனேஜர்: ஹெட்போனை மாட்டிக்குங்க மேடம். மைக் முன்னால நில்லுங்க... ஒரே நிமிஷம், முதலாளி போன்... ஐயா, வந்துட்டாங்கய்யா... இருங்க, வெளிய வந்து பேசறேன்...

நடிகை: அக்கா...

அக்கா: மெதுவா! மைக் ஆன்ல இருக்கு. இந்தப் பக்கம் வா.

நடிகை: சத்தியமா தெரியாதுக்கா. எருமைப் படம்னாங்க, அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க. உங்க எருமைன்னு யாருமே சொல்லல.

அக்கா: எருமைன்னா நான்தான்னு ஊருக்கே தெரியும். உங்கம்மாவுக்கு மட்டும் தெரியாது.

நடிகை: திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. அப்புறம் நான் இப்ப என்ன பண்றதுன்னும் சொல்லுங்க.

அக்கா: இருமு.

நடிகை: ஆ?

அக்கா: தொண்டையைப் பிடிச்சுக்கிட்டு நல்லா இருமு. நடிகைதானே நீ? மீதியை நான் பாத்துக்கறேன்.

நடிகை: இன்னிக்கு இருமலாம். நாளைக்கு? பேசாம எல்லாத்தையும் சொல்லிரட்டுமாக்கா?

அக்கா: மூச்! ஒரு வார்த்தை வெளிய வந்தா உன் பொழப்பும் போச்சு, என் பொழப்பும் போச்சு. போறது எருமையோட போகட்டும்.

நடிகை: அந்த எருமைன்னா உங்களுக்கு உசுருன்னு எனக்குத் தெரியாதாக்கா?

அக்கா: உசுருதான். அதுக்கு என்ன பண்ண... வர்றாரு. இருமு, இருமு!

மேனேஜர்: ஐயோ, மேடம்! என்ன ஆச்சு?

அக்கா: தூசு தம்பி. ரூமைக் கூட்டி எத்தனை நாளாச்சு? தொண்டை கட்டிக்கிச்சு. இன்னிக்கு அனுப்பிருங்க, அடுத்த வாரம் பாக்கலாம்.

மேனேஜர்: அடுத்த வாரமா! முதலாளி போன்ல காத்துக்கிட்டு இருக்காரு. ஒரே ஒரு வரி கேக்கணுமாம். "நான் ஒண்ணும் வைக்கோல் திங்கல"... அவ்வளவுதான் மேடம். விக்கல்கூட வேணாம்.

நடிகை: லொக்... லொக்...

அக்கா: வாயே திறக்க முடியல, எப்படிப் பேசும்? பாவம், பச்சப்புள்ள.

மேனேஜர்: நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீங்களா? மேடம், மெதுவா... "நான் ஒண்ணும்..."

நடிகை: ம்ஹூம்.

அக்கா: தம்பி, வேணும்னா அந்த வரியை நான் சொல்றேன். போன்ல கேக்குறவருக்கு என்ன தெரியப்போகுது?

மேனேஜர்: உங்க குரலை அவங்க குரல்னு சொல்றதா? எங்க முதலாளிக்குக் காது அவிஞ்சா போச்சு? பஞ்சுக்கும் பாத்திரத்துக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாதா?

அக்கா: தெரியுமான்னுதான் நானும் யோசிக்கிறேன்.

மேனேஜர்: புரிஞ்சுபோச்சு... எல்லாம் உங்க வேலை. வந்ததுலருந்து பக்கத்துல நின்னு குசுகுசுன்னு என்னமோ சொல்லி மேடத்தைப் பயமுறுத்தி வச்சிருக்கீங்க. வயித்தெரிச்சல்!

அக்கா: வயித்தெரிச்சல் இருக்கு. இல்லன்னு சொல்லல. பயமுறுத்தல.

மேனேஜர்: போதும். எந்திரிங்க. சினிமாவுக்கும் வேணாம், டிவிக்கும் வேணாம். நாளையிலருந்து இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. எருமை மாதிரி கத்த ஆளா கிடைக்காது?

அக்கா: ...டிவியும் இல்லையா?

மேனேஜர்: டிவியும் இல்ல.

அக்கா: பதினோரு வருஷம் தம்பி...

மேனேஜர்: பதினோரு வருஷம் கத்தினீங்க, சம்பளம் குடுத்தோம். கிளம்புங்க.

அக்கா: சரி... கிளம்பறேன். அந்தப் புள்ளையை மட்டும் இன்னிக்கு விட்டுருங்க. நிசமாவே முடியல அதுக்கு.

நடிகை: அக்கா, உக்காருங்க.

மேனேஜர்: யாரு அது? யாரோ ஆம்பளைக் குரல் கேட்டுச்சே... ஏம்ப்பா, கதவைச் சாத்துங்க, ரெக்கார்டிங் நடக்குது!

அக்கா: ஏய்... வாயை மூடு. இருமு!

நடிகை: இருமி இருமி நெஞ்சு வலிக்குதுக்கா. ஆம்பளை இல்ல சார். நான்தான்.

மேனேஜர்: மேடம்! என்ன மேடம் இது... மிக்ஸியில கல்லு விழுந்த மாதிரி... டாக்டரைக் கூப்பிடவா? வெந்நீர் கொண்டு வரச் சொல்லவா?

நடிகை: வெந்நீருக்கு மசியாது சார். பொறந்ததுலருந்து இதே தொண்டைதான்.

மேனேஜர்: அப்ப... அந்த "போறேன்"? முதலாளி ஆசைப்பட்ட குரல்? அவரு இன்னும் போன்ல இருக்காரு மேடம்! நான் என்ன சொல்லட்டும்?

அக்கா: நான் சொல்றதைக் கேளும்மா. வேணாம்...

நடிகை: அவர்கிட்ட சொல்லுங்க சார். ஏழு படத்துலயும் நான் வாயை அசைச்சேன், பேசினது பூரா இந்த அக்கா. இவங்களைத்தான் நாளையிலருந்து வர வேணாம்னுட்டீங்கல்ல... அப்ப எருமைக்குத் தேடுறப்பவே எனக்கும் சேத்து ஒரு குரல் தேடிருங்க.