எழுத்தைக் கலங்கவைத்தவன்

உங்கள் மகள் காபியில் சர்க்கரையை அளவாகப் போடுவாள், சம்பந்தி. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குடியுங்கள், ஆறிவிடும். அவள் போனில் அழுததும் நீங்கள் கிடைத்த வண்டியைப் பிடித்து வந்திருக்கிறீர்கள். வந்தவரிடம் உண்மையை மறைத்துப் பேசுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. என்ன நடந்தது என்று கேட்டீர்கள், சொல்கிறேன்.

எங்கள் அச்சகத்தில் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாள்களை அச்சிடுகிறோம். எறும்பு வரிசை மாதிரி எழுத்து. பெரும்பாலோர் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. பார்க்கிற ஒருவனுக்கு அதில்தான் உயிர் இருக்கிறது. அதனால் என் அப்பா ஒரு முறை வைத்தார். எந்தப் பக்கமும் அச்சுக்குப் போகுமுன் குடும்பத்தில் ஒருவர் அதை முழுக்கப் படித்து, வாயால் "சரி" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்கிறவர் கண்ணாடி போட்டவராக இருக்கக் கூடாது. அப்பாவுக்குக் கண்ணாடி வந்த அன்றே அந்த நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அடுத்து என் அண்ணன் உட்கார்ந்தார். அவர் சட்டைப்பையில் ஒரு கண்ணாடிக் கூடு இருந்ததை நான்தான் பார்த்தேன், வேலையாட்கள் முன்னிலையில் நான்தான் சொன்னேன். அண்ணன் எழுந்து எனக்கு இடம் விட்டார். இன்று வரை காகிதக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறார். என் மகன் பள்ளிக்கூட நாளிலிருந்தே கண்ணாடி போட்டவன், அவன் கணக்கில் வரமாட்டான். எனக்கு அடுத்து யார் என்று பார்த்தால் உங்கள் மகள்தான்.

போன மழைக்காலத்தில் திரையில் எழுத்து கலங்க ஆரம்பித்தது. கணினிக்கு வயதாகிவிட்டது என்று சொன்னேன். உங்கள் மகள் சும்மா இருந்திருக்கலாம்.

"கணினி நல்லாத்தான் இருக்கு மாமா. எழுத்தைக் காட்டுற அமைப்புதான் சரியில்ல. இது இலவசமா கிடைக்கிற சிஸ்டம், அதை யார் வேணும்னாலும் திறந்து மாத்திக்கலாம்," என்றாள்.

யார் வேண்டுமானாலும் என்று சொன்னது அவள். இதைக் கவனத்தில் வையுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகச் சொல்லிக்கொடுப்பாள். திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துண்டாம். அவற்றின் ஒளியைத் தனித்தனியாக ஏற்றி இறக்கித்தான் எழுத்தின் வளைவை வழுவழுப்பாகக் காட்டுகிறதாம். அந்த நிறங்களின் வரிசையைத் தலைகீழாகச் சொல்லிவிட்டால் எழுத்தின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் கசியுமாம். இதையெல்லாம் வைத்திருக்கும் கோப்பின் பெயர் ஒரு புள்ளியில் தொடங்கும். அதனால் சாதாரணமாகத் தேடினால் கண்ணில் படாது.

"எதை மாத்தினா ரொம்பக் கெட்டுப்போகும்?" என்று கேட்டேன்.

"ஏன் மாமா?"

"தெரிஞ்சுவச்சாத்தானே ஜாக்கிரதையா இருக்கலாம்."

அவளுக்குச் சந்தோஷம். எல்லாவற்றையும் சொன்னாள்.

அவள் முடித்ததும் என் மகன் வந்து பார்த்தான். "அப்பா, அச்சடிச்ச தாளை ஒட்டி வச்ச மாதிரி இருக்கு," என்றான். வேலையாட்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்து மெச்சினார்கள். நானும் பார்த்தேன். முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தபோது, "இப்பத்தான் தெளிவா இருக்கு," என்றேன். ஒரு பெண் உழைத்ததற்கு அந்த மரியாதைகூடக் கொடுக்க வேண்டாமா?

நீங்கள் நியாயம் தெரிந்தவர். அத்தனை பேருக்கும் தெளிவாகத் தெரிகிற எழுத்து ஒருவருக்கு மட்டும் கலங்கினால் பழி எங்கே விழும்? எங்கள் குடும்பத்துக் கண்ணின் மேல் விழும். எல்லோருக்கும் கலங்கினால் யார் மேலும் விழாது. எனவே மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், திரையில் கட்டளை அடிக்கிற கறுப்புப் பெட்டியைத் திறந்து நிறங்களின் வரிசையைத் திருப்பிப் போட்டேன். வேலை சுலபமாக இருப்பதற்காக அந்தப் பெட்டியின் எழுத்தை மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கிக்கொண்டேன்.

அவள் சரிசெய்தாள். நான் மறுபடியும் கெடுத்தேன். ஒரே மாதிரி கெடுத்தால் சந்தேகம் வரும் என்பதால் அடுத்த முறை வழுவழுப்பையே நிறுத்திவிட்டேன். எழுத்தெல்லாம் மாடிப்படி மாதிரி ஆனது. "அப்டேட் வந்தா இப்படித்தான் ஆகும்போல," என்றேன். "இலவசமா வந்த பொருள்தானே," என்று வேலையாட்கள் காதில் விழும்படியும் சொன்னேன். விடுமுறை நாளிலும் வந்து உட்கார்ந்தாள். அந்த சிஸ்டத்தை உருவாக்குகிற, எங்கெங்கோ இருக்கிற முகம் தெரியாத ஆட்களிடம் எழுதிக் கேட்டாள். எழுத்து அமைப்பில் கோளாறே இல்லை, உங்கள் பக்கத்தில்தான் ஏதோ நடக்கிறது என்று எழுதினார்களாம். கெட்டிக்காரர்கள்.

கடைசியில் அவளுக்குத் தலைவலி வந்தது. "ஒருவேளை என் கண்ணுதான் சரியில்லையோ மாமா?" என்று கேட்டாள். நான் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கண் மருத்துவரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மாமனார் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, "கண்ல குறை ஒண்ணுமில்ல. வேணும்னா திரை பாக்கும்போது போட்டுக்க ஒரு சாதாரணக் கண்ணாடி வாங்கிக்கோங்க," என்றார். வேணும் என்றேன். அப்படியே உங்களையும் பார்த்துவிடட்டுமா என்று அவர் என்னைக் கேட்டார். நான் துணைக்கு வந்தவன் என்று சொல்லிவிட்டேன். கடையில் இருந்ததிலேயே நல்ல சட்டமாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். அவள் முகத்துக்கு எடுப்பாக இருந்தது.

அவள் அதைப் போட்டுக்கொண்டு அச்சகத்துக்கு வந்த முதல் நாள், அப்பா வைத்த விதியை எல்லோருக்கும் நினைவுபடுத்தினேன். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் பக்கங்கள் போய்க்கொண்டே இருந்தன. சர்க்கரை நோய்க்கு, ரத்த அழுத்தத்துக்கு, குழந்தைகள் காய்ச்சலுக்கு. எல்லாவற்றுக்கும் நான்தான் "சரி" சொன்னேன். படித்தேனா என்று கேட்கிறீர்கள். இத்தனை காலம் இதே வேலையில் இருப்பவனுக்கு ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாதா? மேலே கறுப்பாகத் தலைப்பு, கீழே சாம்பல் நிறத்தில் பத்திகள். இரண்டும் இருந்தால் சரி. இதுவரை ஒரு நோயாளிகூட வந்து குறை சொன்னதில்லை.

ஒரே ஒரு நாள் அவசரத்தில் அந்தக் கறுப்புப் பெட்டியை மூடும்போது எழுத்தைப் பழைய அளவுக்குக் குறைக்க மறந்துவிட்டேன். சாப்பிட்டுத் திரும்பியவள் அதைத் திறந்திருக்கிறாள். உள்ளங்கை அகலத்தில் எழுத்து நின்றிருக்கிறது. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஒரு பக்கத்தைத் திரையில் வைத்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டாள். கிடங்கிலிருந்து அண்ணனையும் வரவழைத்திருந்தாள். "மாமா, அவசரமா போகணும். ஒரு வாட்டி பாத்துச் சொல்லிடுங்க."

உட்கார்ந்தேன். அவசரம் என்றாலும் எடுத்துக்கொள்ள வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டேன். தலைப்பு இருந்தது. பத்திகள் இருந்தன. "சரி," என்றேன். அண்ணன் நிற்கிறாரே என்று, "இடது ஓரம் கொஞ்சம் நெருக்கமா இருக்கு, தள்ளிவை," என்றும் சொன்னேன்.

அண்ணன் தன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, குனிந்து வாய்விட்டுப் படித்தார். "மாமா, தயவுசெஞ்சு கண்ணாடி போடுங்க. மாமா, தயவுசெஞ்சு கண்ணாடி போடுங்க." பிறகு நிமிர்ந்து, "கடைசி வரி வரைக்கும் இதேதான்டா தம்பி," என்றார்.

அன்றே உங்கள் மகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நான் "சரி" சொன்ன பக்கங்களையெல்லாம் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். குழந்தைகள் காய்ச்சல் மருந்துத் தாளில் ஐந்து சொட்டு என்பது ஐம்பது என்று போயிருக்கிறதாம். போயிருக்கலாம். அதைக் கண்டபோதுதான் உங்களுக்குப் போன் செய்து அழுதிருக்கிறாள். கையோடு மருந்துக் கம்பெனிக்கும் தானே பேசி, தாள் பெட்டிக்குள் போவதற்கு முன் நிறுத்திவிட்டாள். காரணம் என்ன என்று கேட்டார்களாம். மாமாவுக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லிவிட்டாளாம். இத்தனை தலைமுறை மானத்தை ஒரே போனில். பெற்றவர் என்ற முறையில் நீங்கள் அவளைக் கண்டிக்க வேண்டும்.

மற்றபடி எதையும் நான் மறுக்கவில்லை. எழுத்தைக் கெடுத்தது நான். நல்ல கண்ணுக்குக் கண்ணாடி போட்டுவிட்டதும் நான். படிக்காமல் "சரி" சொன்னதும் நான்தான். ஆனால் என் கண்ணைப் பற்றிப் பேசாதீர்கள். அந்தப் பக்கத்தில் இடது ஓரம் நெருக்கமாகத்தான் இருந்தது. அண்ணன் அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டு இரண்டு ஓரமும் ஒரே அளவுதான் என்கிறார். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு அளந்தவர், அது செல்லாது.