பத்து நிமிஷம் விட்டுட்டுப் போறது

இல்ல தம்பி, நீங்க பொய்யெல்லாம் சொல்ல வேணாம். வேன் எங்கன்னு அந்தப் புள்ள கேட்டா, தெரியலையேன்னாப் போதும். மஞ்சச் சேலை கட்டி, ஒல்லியா, இப்ப உங்க டீக்கடைக்குப் பின்னாடி பாத்ரூமுக்குப் போச்சுல்ல, அதான். எங்க மருமக, இலக்கியா. அது போனு இந்தா எங்கிட்ட இருக்கு. சார்ஜ் போட்டுத் தாரேன்னு வாங்கி வச்சுக்கிட்டேன்.

என்ன இப்படிப் பாக்குறீங்க? பொன்னமராவதிக்காரங்களுக்குச் சிரிக்கத் தெரியும்னுல்ல நெனச்சேன். இது எங்க குடும்பத்து வழக்கம் தம்பி. வல்லத்திராக்கோட்டையிலேருந்து வருசா வருசம் வேன் பிடிச்சுப் பழனிக்குப் போவோம், பதினாலு பேரு. மொத வருசம் எங்க நாத்தனா செவந்திய ஒரு டீக்கடையில தெரியாமத்தான் விட்டுட்டோம். பின் சீட்டுல தூங்குறான்னு ஆளாளுக்கு நெனச்சுட்டோம். திரும்பி வந்து பாத்தா, ரோட்டோரத்துல உக்காந்து ஓன்னு அழுகுறா. எங்க வீட்டுக்காரரு நாகராசு சிரிச்ச சிரிப்புல இடுப்பு வேட்டி அவுந்துபோச்சு. சாமி பாத்ததெல்லாம் மறந்துட்டோம், இதைத்தான் வருசம் பூராப் பேசினோம். பெறகென்ன, வருசத்துக்கு ஒரு ஆள விட்டுட்டுப் போறதுன்னு ஆகிப்போச்சு.

என்னையவா? என்னைய எப்படி விடுவாங்க, ஆள எண்ணி ஏத்துறதே நாந்தான. செவந்தி மூணு மாசம் பேசாம இருந்துட்டா, அதுலேருந்து பொறந்த பொண்ணுகள விடுறதில்ல. வாக்கப்பட்டு வந்தவளுகதான். அவளுக எங்கிட்டுப் போயிச் சொல்லுவாளுக? திரும்பி வந்து ஏத்திக்கிட்டதும் தலை நெறையப் பூ வச்சு, கேட்ட பலகாரம் வாங்கிக் குடுத்துருவோம். அழுகுறத இவரு வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்புல போட்டுருவாரு. பொங்கலன்னைக்கி டிவியில போட்டு எல்லாருமாப் பாப்போம்.

புருசனா? அந்தா, முன் சீட்டுல வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறான் பாருங்க, எம்மவன் சரவணக்குமாரு. கல்யாணமாகி நாலு மாசந்தான். அந்தப் புள்ளைக்குத் தனியாப் போறதுன்னாலே பயம். டவுன் பஸ்ஸுல ஏறுனாக்கூட அவன் சட்டையப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஏறும். காலையில எங்கிட்ட வந்து, எங்க வீட்டுல இப்படி ஒண்ணா எங்கயும் போனதேயில்ல அத்தைன்னு கண்ணு கலங்குச்சு. வெள்ளந்தி. அதான் இந்த வருசம் நல்லாருக்கும்.

பூனைக்கு வெளையாட்டு, எலிக்குச் சீவன் போகுதுன்னு எங்கிட்டயே சொலவடை சொல்லாதீங்க. எங்க குடும்பம் ஒண்ணாச் சிரிக்கிறது அந்தப் பத்து நிமிஷந்தான் தம்பி. இவரும் இவரு தம்பி சோலையப்பனும் வரப்புத் தகராறுல மொகம் பாத்துப் பேசி வருசமாச்சு. அந்தப் பத்து நிமிஷம் மட்டும் ஒருத்தரு தோள்ல ஒருத்தரு சாஞ்சு சிரிப்பாங்க. அதைக் கெடுக்கச் சொல்றீங்களா?

சரி, நேரமாச்சு. உள்ள தண்ணி ஊத்துற சத்தம் நின்னுபோச்சு. ஒரே ஒரு ஒத்தாசை மட்டும் பண்ணுங்க. நாங்க கெளம்புனதும் அதை இந்தப் பெஞ்சுல உக்கார வச்சுருங்க. டீயோ வடையோ குடுங்க. கையப் பிடிச்சு இழுத்தாவது உக்கார வைங்க, ரோட்டுக்கு மட்டும் விட்டுறாதீங்க.

ஏன்னா கேக்குறீங்க? அட, ஒண்ணுமில்ல. மூணு வருசத்துக்கு முந்தி நத்தம் தாண்டி ஒரு கடையில நிறுத்துனோம். அப்ப சுகுணா. எம்மவன் மொதல்ல கட்டுனவ. நாங்க மெதுவாத்தான் போனோம், கூறுகெட்டவ வேனுக்குப் பின்னாடியே ஓடியாந்துட்டா. வந்த லாரிக்காரனுக்குத் தெரியல. வீடியோவுல அதுவும் விழுந்துருந்துச்சு, அதை மட்டும் அழிச்சுட்டோம். ரெண்டு வருசம் இதையே வேணாம்னு விட்டுத்தான் பாத்தோம் தம்பி, வீட்டுல ஒரு கலகலப்பே இல்ல.

கதவு தெறக்குது. நான் வாரேன், அந்தப் புள்ளையப் பிடிச்சுக்கங்க.