எங்கள் வீட்டு மோர்

மோரை நான் மத்தால்தான் கடைவேன். மிக்சியில் அடித்தால் நுரை வரும், ருசி வராது. மனைவி ஹெலினா இறந்துபோன பிறகு அம்பத்தூர் வீட்டில் சமையல் என் பொறுப்பு. விசாரணையில் மோரைப் பற்றி எதற்குப் பேசுகிறான் கிழவன் என்று நினைக்காதீர்கள். விஷயம் அதில்தான் இருக்கிறது. எனக்கு வயது எழுபத்திரண்டு. திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். களைத்துப் போயிருக்கிறேன்.

என் பெயர் பாஸ்கல். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், நாங்கள் எஸ்டேட் என்போம், ஒரு கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டினேன். அந்தக் கம்பெனி அணிக்கு ஹாக்கி ஆடினேன். என் மகன் ரெனிஷ் என்னைவிடப் பெரிய ஆட்டக்காரன். வங்கி அணியில் ஒப்பந்தம், பிறகு லீக் போட்டிகள். மாதா கோயிலில் பூசை முடிந்து நாங்கள் வெளியே வந்தால் வழிவிட்டு நிற்பார்கள். முழங்கால் போனதும் அவன் ஆட்டம் நின்றது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அடிபட்டு வெளியேறுவதும் கௌரவம்தான்.

அதன்பிறகு அவன் ஏஜென்ட் ஆனான். இளம் ஆட்டக்காரர்களை அணிகளிடம் பேசிச் சேர்த்துவிட்டு, அவர்கள் சம்பளத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிற தொழில். என்னோடு லேத் ஓட்டிய உலகநாதன் டீக்கடையில் வைத்துக் கேட்டான்.

"இன்னா பாஸ்கலு, ஒம் புள்ள ஆள் சப்ளை பண்றானாமே? எங்க கம்பெனில மூட்ட தூக்க நாலு பேரு வேணுமாம். சொல்லி வெக்கிறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

உங்களுக்கு இது வேடிக்கைப் பேச்சு. எஸ்டேட்டில் வேலை பார்த்தவனுக்கு அப்படி இல்லை. ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டர் கேட் வாசலில் நின்று, அடுத்தவன் கூலியில் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பான். அவனை எதிர்த்துச் சங்கத்தில் நின்றவன் நான். அப்படிப்பட்டவன் வீட்டுக் கல்யாணத்தில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. என் மகன் அந்த வாசலில் நிற்கக் கூடாது. அவ்வளவுதான்.

அவனிடம் சொல்லிப் பார்த்தேன். "அது வேற, இது வேற டாடி. நான் இல்லன்னா அந்தப் பொண்ண யாரு பாத்துப்பாங்க?" என்றான்.

அந்தப் பெண் சிம்ரன். வெள்ளானூர்க்காரி. அவள் அம்மா தாயம்மா எஸ்டேட்டில் துப்புரவு வேலை செய்கிறாள். மகளிர் லீக்கில் ஒரு அணி சிம்ரனை எடுப்பதாக இருந்தது. மே மாதம் தேர்வுப் போட்டி. ரெனிஷிடம் வந்த முதல் ஆள் அவள்தான். அவள் தேறினால் அவன் தொழில் நிலைத்துவிடும்.

அவளுக்கு ரெனிஷ் ஒரு கட்டளை போட்டிருந்தான். வெளியே பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது, தடை செய்த மருந்து எதில் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பயிற்சி முடிந்தால் நேரே எங்கள் வீடு, எங்கள் சாப்பாடு. என்னையும் எச்சரித்தான்.

"பிரஷருக்குப் போடுறீங்களே டாடி, அந்த நீர் மாத்திரை, அதுகூடத் தடைதான். டெஸ்ட்ல காட்டிக் குடுத்துடும். அவ வர்ற நேரத்துல மேசமேல வெக்காதீங்க."

எடுத்து அலமாரியில் வைத்தேன். வைக்கும்போதுதான் யோசனை வந்தது.

மாத்திரையைத் தினமும் பொடித்து மோரில் போட்டேன். லேசாகக் கசந்தது. இஞ்சியைக் கூட்டினேன். "இன்னா தாத்தா, இன்னிக்கி காரம் தூக்கலா கீது," என்பாள். ஆனாலும் டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் வைப்பாள். "அண்ணனுக்கு ஊத்தாதீங்க தாத்தா, ஏற்கெனவே தொப்ப போட்டுக்கினு கீறாரு," என்று ரெனிஷின் பங்கையும் வாங்கிக்கொள்வாள். கலகலப்பான பெண்.

வெயில் ஏறிய பிறகு ஒருநாள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். "ஒடம்புல தண்ணியே நிக்க மாட்டேங்குது தாத்தா. தல சுத்துது," என்றாள். இன்னும் ஒரு டம்ளர் குடி என்றேன். குடித்தாள்.

தேர்வுப் போட்டியில் இரண்டாம் பாதியில் விழுந்தாள். சிறுநீரகம் பாதித்திருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அன்று எடுத்த சோதனையில் மருந்து தெரிந்தது. ஆடத் தடை வந்தது. தாயம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஊத்துன மோராலதான் சார் அது உசுரோட கீது," என்று அழுதாள். மரியாதை தெரிந்த பெண்மணி. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ரெனிஷ் இந்தத் தொழிலை விட்டுவிட்டு ஏதாவது பள்ளிக்கூடத்தில் பயிற்சியாளராகப் போவான், பெயர் மிஞ்சும் என்று இருந்தேன். அவன் அலமாரியைத் திறந்தான். காலியான மாத்திரை அட்டைகளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுநாள் உங்கள் விசாரணைக் குழுவிடம் வந்து, தானே கொடுத்ததாகச் சொல்லிவிட்டான்.

செய்தித்தாளில் அவன் படம் வந்தது. ஊக்கமருந்து கொடுத்த முன்னாள் வீரர் என்று போட்டிருந்தார்கள். இந்த முறை டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை. எனக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அதனால்தான் வந்தேன். சிம்ரனுக்குத் தெரியாமல் நடந்தது என்று ஆனால் அவள் தடை குறையும் என்கிறீர்கள். குறையட்டும். நான் அதற்காக வரவில்லை. கொடுத்தது நான். அவளுக்குத் தலை சுற்றிய பிறகும் நிறுத்தவில்லை. ரெனிஷுக்கு இதில் பங்கில்லை, அவன் பெயரை எடுத்துவிடுங்கள்.

எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் ஆட்டத்தில் ஏமாற்றியதில்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.